பத்து மணி நேரம், பதினைந்து நிமிஷம்

2021ஆம் வருஷம் ஜனவரி 27ஆம் தேதி இரவு, பிரான்சின் மேற்குக் கரையில் லே சாப்ல் தொலோன் என்ற துறைமுகத்துக்கு ஷார்லி தாலான் என்பவர் தம் பாய்ப்படகைக் கொண்டுவந்து சேர்த்தார். எங்கும் தங்காமல், துணைக்கு யாரும் இல்லாமல், பூமியை ஒரு சுற்றுச் சுற்றி வந்திருந்தார். 80 நாள், 6 மணி, 15 நிமிஷம், 47 விநாடி. அவருக்கு முன்னால் யாரும் வந்திருக்கவில்லை. சில மணி நேரம் கழித்து லூயி பர்ட்டன் வந்தார். மூன்றாவதாக, விடிவதற்குள், யானிக் பெஸ்தாவன் வந்தார். பந்தயத்தில் ஜெயித்தவர் பெஸ்தாவன்.

காரணம் இது. வான்தே குளோப் என்ற அந்தப் பந்தயத்தின் நடுவில், 2020 நவம்பர் 30ஆம் தேதி, நன்னம்பிக்கை முனைக்குத் தென்மேற்கே கெவின் எஸ்காஃபியே என்பவரின் படகு அலையில் மடிந்து உடைந்தது. அவர் மிதவையில் ஏறிக்கொண்டார். பந்தயத்தை நடத்தியவர்கள் அருகிலிருந்த நான்கு படகுகளைத் தேடப் பணித்தார்கள். பெஸ்தாவன் அவற்றுள் ஒருவர். அவர் தேடினார், அவர் கண்ணில் படவில்லை. கண்டுபிடித்து ஏற்றிக்கொண்டவர் ழான் லெ காம் என்ற முதியவர். இரண்டு வாரம் கழித்து நடுவர் குழு கூடித் தீர்மானித்தது: லெ காமுக்கு 16 மணி 15 நிமிஷம், பெஸ்தாவனுக்கு 10 மணி 15 நிமிஷம், போரிஸ் ஹெர்மனுக்கு 6 மணி நேரம் அவரவர் பந்தய நேரத்திலிருந்து கழித்துக்கொள்ளப்படும். பெஸ்தாவன் தாலானுக்கு 7 மணி 44 நிமிஷம் பிந்தி வந்தார். பத்தேகால் மணியைக் கழித்ததும் இரண்டரை மணி முந்தியவரானார்.

தாமிரபரணிக் கரையில் உட்கார்ந்துகொண்டு ஐரோப்பியப் பணக்காரர்களின் விளையாட்டைப் பற்றி எழுத என்ன வந்தது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். விளையாட்டு என் அக்கறை இல்லை. ஒரு மனிதன் இன்னொருவனுக்கு உதவுகிற காரியத்தை மணியாகவும் நிமிஷமாகவும் அளந்து, அவன் பேரில் வரவு வைக்கிற இடம் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. வங்கியில் பேரேட்டின் முன்னால் பகலைக் கழிப்பவன் என்பதால் இது என்னைச் சற்று அதிகமாகவே உறுத்துகிறது. அந்தப் பத்தேகால் மணி நேரம் எந்தத் தலைப்பில் எழுதப்பட வேண்டியது? கூலியா, பரிசா, நஷ்டஈடா? உதவியவனுக்குப் பேர் எழுதி வரவு வைத்த பிறகும் அது உதவியாக இருக்கிறதா?

விதியைப் பார்த்துவிடலாம். சர்வதேசப் பாய்ப்படகுப் பந்தய விதிப் புத்தகத்தின் முதல் விதியே, ஆபத்திலிருக்கும் எந்த ஆளுக்கும் எந்தக் கலத்துக்கும் இயன்ற உதவி அனைத்தையும் செய்தாக வேண்டும் என்பது. காற்று, திருப்பம், எல்லைக்கோடு எல்லாம் அதற்குப் பிறகுதான். அப்படி உதவியதால் இழந்த நேரத்தை ஈடுசெய்ய வேண்டும் என்பது புத்தகத்தின் பின்பகுதியில், விண்ணப்பங்களைப் பற்றிய பிரிவில் வருகிறது. இரண்டுக்கும் நடுவில் இன்னொரு விதி உண்டு. பந்தயத்தில் கலந்துகொள்வதா வேண்டாமா, தொடர்வதா வேண்டாமா என்ற தீர்மானத்தின் பொறுப்பு முழுக்கப் படகைச் சேர்ந்தது என்கிறது அது. மனிதனைச் சேர்ந்தது என்று சொல்லவில்லை, படகைச் சேர்ந்தது என்கிறது. ஆங்கிலத்தில் படகு பெண்பால் என்பதால் ‘அவளுடையது’ என்று வேறு எழுதியிருக்கிறார்கள். பி.ஏ. வகுப்பில் பிரதிப்பெயர்களைப் பிரித்துக்காட்டிய பேராசிரியர்கள் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

இந்த மூன்று விதிகளும் ஒன்றோடொன்று மோதிக்கொண்ட இடம் ஆஸ்திரேலியா. சிட்னியிலிருந்து டாஸ்மேனியாத் தீவின் ஹோபார்ட்டுக்கு வருஷந்தோறும் டிசம்பர் 26ஆம் தேதி பகல் ஒரு மணிக்குப் படகுகள் புறப்படும். 628 கடல் மைல். 1945இல் ஒன்பது படகுகளோடு ஆரம்பித்தது. அந்த முதல் பந்தயத்தில் ஜெயித்த படகின் பெயர் ‘ராணி’; இங்கிலாந்துக் கடற்படைக்காரர் ஒருவருடையது. நம் சொல் ஒன்று அங்கே போய் முதலில் நின்றிருக்கிறது என்பதற்கு மேல் இதில் அர்த்தம் எதுவும் இல்லை.

இந்தப் பந்தயத்தில் முதலில் வந்தவன் ஜெயித்தவன் என்பது பாதி உண்மைதான். கோட்டை முதலில் கடந்த படகுக்கு ஒரு கௌரவம் உண்டு. ஆனால் பிரதானப் பரிசு, படகின் நீளம், எடை, பாயின் பரப்பு எல்லாவற்றையும் கணக்கிட்டு வந்த ஓர் எண்ணால் எடுத்துக்கொண்ட நேரத்தைப் பெருக்கி, அதில் குறைவாக வந்தவருக்கு. ஆகவே மூன்றாவதாக வந்தவர் முதலாவதானது அந்த உலகில் விநோதம் அல்ல. கடிகாரம் காட்டுவது ஒரு நேரம். நியாயம் காட்டுவது இன்னொரு நேரம். இரண்டையும் தனித்தனிப் பத்திகளில் எழுதி வைப்பதற்கு அவர்கள் கூச்சப்படுவதில்லை.

1998ஆம் வருஷம் 115 படகுகள் புறப்பட்டன. போய்ச் சேர்ந்தவை 44. இரண்டாம் நாள் பாஸ் ஜலசந்தியில் புயல் பிடித்தது. ஐந்து படகுகள் மூழ்கின, 55 பேரைத் தூக்கிக் காப்பாற்றினார்கள், ஆறு பேர் இறந்தார்கள். 1945இல் புறப்பட்ட ஒன்பதில் ஒன்றான ‘வின்ஸ்டன் சர்ச்சில்’ அதே தண்ணீரில் மூழ்கியது. அதில் இருந்தவர்களில் மூவர் மிதவையிலிருந்து அலையோடு போனார்கள்.

நான் சொல்ல வந்தது ‘ஸ்வோர்ட் ஆஃப் ஓரியன்’ என்ற படகைப் பற்றி. குறிப்பிட்ட வேளைகளில் ஒவ்வொரு படகும் தான் இருக்கும் இடத்தை வானொலியில் சொல்லவேண்டும். இடம் மட்டும். காற்று எப்படி என்று சொல்வது வழக்கமில்லை, ஏனென்றால் காற்று பற்றிய தகவல் பந்தயத்தில் சொத்து. போட்டிக்காரனுக்கு அதை யாரும் இலவசமாகக் கொடுப்பதில்லை. 27ஆம் தேதி பிற்பகல் முறையில் ஸ்வோர்ட் ஆஃப் ஓரியனின் முறை வந்தபோது அதன் தலைவர் வழக்கத்தை மீறினார். தாங்கள் இருக்கும் இடத்தில் காற்று 70 நாட்டைத் தாண்டி வீசுகிறது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பின்னால் வந்துகொண்டிருந்த சில படகுகள் அதைக் கேட்டுத் திரும்பின. அன்று பிற்பகலே ஸ்வோர்ட் ஆஃப் ஓரியன் அலையில் உருண்டது. பாய்மரம் ஒடிந்தது. சுக்கான் பிடித்திருந்த கிளின் சார்ல்ஸ் என்பவர், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் பாய்ப்படகு ஓட்டியவர், கடலில் விழுந்து போனார். மிச்சமிருந்தவர்கள் அபாய வெளிச்சம் கொளுத்தினார்கள். ஒரு படகு அதைப் பார்த்தது. பார்த்துவிட்டுத் தன் வழியே போனது.

அந்தப் படகின் பெயர் இங்கே தேவையில்லை. அதன் தலைவர் சொன்ன காரணம்: என்ஜின் வேலை செய்யவில்லை, அந்த அலையில் படகைத் திருப்பினால் தம் ஆட்களின் உயிருக்கு ஆபத்து. மரண விசாரணை அதிகாரி 2000ஆம் வருஷத்து அறிக்கையில் அந்தத் தீர்மானத்தைக் கண்டித்தார். இதில் கவனிக்க வேண்டியது, போனவர் நேரம் போய்விடுமே என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க முடியாது. நேரம் திரும்பக் கிடைக்கும் என்று விதி ஏற்கெனவே எழுதி வைத்திருந்தது. நஷ்டஈடு விதி செய்கிற முதல் காரியம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. உதவுவதற்கு அது ஆசை காட்டுவதில்லை. உதவாமல் போவதற்கு இருக்கும் மலிவான காரணத்தைப் பிடுங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு மிஞ்சுவது கனமான காரணங்கள் மட்டும்: என் ஆட்கள், என் உயிர், என் பயம். அவற்றோடு மனிதன் தனியாக இருக்கவேண்டியதுதான். அன்று அந்த அலையின் உயரத்தில் நின்று பார்க்காத நான் அவரைத் தண்டிக்கிற ஸ்தானத்தில் இல்லை. கண்டித்த அதிகாரிக்கு உத்தியோகம் அது.

இனி எதிர்வாதம். அது நம் ஊரிலேயே, வெகு காலத்துக்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டது. தாமிரபரணி புறப்படுகிற பொதிகை மலைக்கு உரியவன் ஆய். அவனை முடமோசியார் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்று, 134ஆவது, ஆயின் கொடையைப் புகழ்வதற்கு முதலில் அவன் என்னவாக இல்லை என்று சொல்கிறது. இந்தப் பிறவியில் கொடுத்தால் அடுத்த பிறவியில் கிடைக்கும் என்று தர்மத்தை விலை பேசுகிற வியாபாரி இல்லையாம் அவன். நம் விமர்சகர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு மேற்கோள் காட்டிவிடுவது வழக்கம். காண்ட் தம் ஒழுக்க நூலில் ஒரு மளிகைக் கடைக்காரனைக் கொண்டுவந்து நிறுத்துவார். சிறு பிள்ளை வந்து கேட்டாலும் அதே விலைக்குக் கொடுக்கிறான், ஆனால் வியாபாரம் கெடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. காரியம் சரி, ஆனால் அதில் ஒழுக்கத்தின் பெறுமானம் எதுவும் இல்லை என்பது காண்ட்டின் தீர்ப்பு. பொதிகைக்கும் கோனிக்ஸ்பெர்க்குக்கும் இடையே பதினைந்து நூற்றாண்டுக்கு மேல் கிடக்கிறது. இரண்டு பேருக்கும் வியாபாரியைத்தான் பிடிக்கவில்லை.

இந்த அளவுகோலை வைத்தால் பெஸ்தாவன் தேறுவது கஷ்டம். படகைத் திருப்பும்போதே அவருக்கு விதி தெரியும். போன நேரம் வரும் என்பது தெரியும். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்கும் உபயதாரர் பெயருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். வித்தியாசம் இருக்கிறது. உபயதாரர் கொடுத்ததைவிட அதிகமாக வாங்கிக்கொள்கிறார். பெஸ்தாவனுக்குக் கிடைத்தது, திரும்பியிருக்காவிட்டால் அவர் எங்கே இருந்திருப்பாரோ அந்த இடம். அதற்கு மேல் ஒரு நிமிஷமும் இல்லை, குறைந்தபட்சம் நடுவர் குழுவின் உத்தேசம் அப்படி. கடலில் போகாத காற்றைக் கணக்குப் போட முடியுமா என்பது வேறு விஷயம், முடியாது. எந்த நஷ்டஈடும் ஊகம்தான்.

இந்த வித்தியாசத்தை என்னைவிடத் தெளிவாகச் சொன்னவர் கேரளத்து மீனவர் ஒருவர். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கடற்கரை ஊர்களிலிருந்து மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போய், வீடுகளின் மாடிகளிலிருந்து ஆட்களை இறக்கினார்கள். பிறகு அரசாங்கம் ஒரு படகுக்கு ஒரு நாளைக்கு 3000 ரூபாய் என்று அறிவித்தது. உடைந்த படகுகளையும் பழுதுபார்த்துத் தரும் என்றது. கொச்சிப் பக்கத்து மீனவர் ஒருவர் முதல் மந்திரிக்குப் பகிரங்கமாகச் சொன்னார்: உயிரைக் காப்பாற்றியதற்குப் பணம் வேண்டாம், படகைப் பழுதுபார்ப்பது நல்ல காரியம். ஒரே அறிவிப்பில் வந்த இரண்டு தொகைகளை அவர் இரண்டு வெவ்வேறு தலைப்பில் எழுதினார். ஒன்றைத் திருப்பி அனுப்பினார், ஒன்றை ஏற்றுக்கொண்டார். எங்கள் தணிக்கையாளர்களில் இந்தத் தெளிவு உள்ளவர்கள் குறைவு.

கப்பல் சட்டமும் வெகு காலமாக இதே கோட்டில்தான் நிற்கிறது. ஆபத்திலிருந்து கப்பலையும் சரக்கையும் மீட்டுக் கொடுத்தவனுக்கு அதன் மதிப்பிலிருந்து பங்கு உண்டு. உயிரை மீட்டவன் அந்த உயிருக்கு உரியவனிடமிருந்து எதையும் கேட்க முடியாது. 1989ஆம் வருஷத்துச் சர்வதேச உடன்படிக்கையும் அதையே சொல்கிறது. சணலுக்கும் அரிசிக்கும் விலை உண்டு, ஆளுக்கு இல்லை. இது உயிரை உயர்த்தி வைத்ததா, மலிவாக்கியதா என்று சட்டக்காரர்கள் சண்டையிட்டிருக்கிறார்கள். மூழ்குகிற கப்பலருகே வருகிற ஒருவன் ஆட்களை விட்டுச் சரக்கை மீட்கப் பார்ப்பானே என்ற பயம் அதில் ஒரு கட்சி. அந்தப் பயத்தால் பின்னால், சரக்கை மீட்டவனுக்குக் கிடைக்கும் தொகையில் ஆளை மீட்டவனுக்கும் ஒரு நியாயமான பங்கு உண்டு என்று சேர்த்தார்கள்.

ஆனால் இதெல்லாம் பெஸ்தாவன் பக்கத்துக் கணக்கு. எனக்கு உறுத்துவது தாலான். பற்று இல்லாமல் வரவு கிடையாது. பெஸ்தாவன் பேரில் பத்தேகால் மணி வரவு என்றால் யார் பேரில் பற்று? ஒரே ஒருவர் பேரில்தான்: முதலில் வந்தவர் பேரில். தாலான் யாரையும் கடலில் விட்டுவிட்டு வரவில்லை. அவரை யாரும் தேடச் சொல்லவில்லை, அவ்வளவுதான். தேடச் சொல்லும் தூரத்தில் அவர் இல்லை. உதவும் சந்தர்ப்பம் கிடைக்காததற்காக ஒருவர் விலை கொடுக்கலாமா?

என் கவுண்ட்டரில் இது தினமும் நடக்கிறது. பென்ஷன் வாங்க வந்த கிழவிக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்க ஏழெட்டு நிமிஷம் ஆகும். அது என் தர்மம் என்று நான் நினைத்துக்கொள்ளலாம். வரிசையில் பின்னால் நிற்கும் இருபது பேரின் நேரம் அது. கொடுப்பவன் நான், கொடுக்கப்படுவது அவர்களுடையது. அவர்களை யாரும் கேட்கவில்லை. முறுமுறுப்பவர்களும் உண்டு, சும்மா நிற்பவர்கள் அதிகம். சும்மா நிற்பவர்கள் ஒரு காரியம் செய்கிறார்கள் என்பது எங்கள் மேலாளருக்கும் தெரியாது, அவர்களுக்கே தெரியாது.

தாலான் அப்படி நின்றவர். ஆனால் அவர் தெரிந்து நின்றார். நடுவர் குழுவின் தீர்மானம் வந்தது டிசம்பர் 16ஆம் தேதி. அதற்குப் பிறகு ஆறு வாரம் அவர் ஓட்டிய ஓட்டம் முழுக்க, கோட்டை முதலில் கடந்தாலும் போதாது என்று தெரிந்த ஓட்டம். இதை அநியாயம் என்று முதலில் தோன்றும். கப்பல் வியாபாரத்தின் ஒரு பழைய ஏற்பாட்டை வைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. வங்கித் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு ‘ஜெனரல் ஆவரேஜ்’ என்ற பெயர் ஞாபகம் இருக்கும். பெயர்தான் ஞாபகம் இருக்கும். புயலில் கப்பலைக் காப்பாற்றச் சிலருடைய மூட்டைகளைக் கடலில் எறிய நேர்ந்தால், அந்த நஷ்டத்தை எறியப்பட்ட மூட்டைக்காரன் மட்டும் தாங்கக் கூடாது. கரை சேர்ந்த மூட்டைக்காரர்கள் எல்லோரும், கப்பல் முதலாளியும், மதிப்புக்கு ஏற்றபடி பகிர்ந்துகொள்ள வேண்டும். ரோட்ஸ் தீவின் வழக்கம் என்று ரோமானியச் சட்டத் தொகுப்பு இதைக் குறித்து வைத்திருக்கிறது. யார்க்–ஆன்ட்வெர்ப் விதிகள் என்ற பெயரில் இன்றும் அமலில் இருக்கிறது. எவன் மூட்டை மேலாக இருந்தது என்பது தற்செயல். எவன் படகு எஸ்காஃபியேக்கு அருகில் இருந்தது என்பதும் தற்செயல். அந்தப் பந்தயத்தில் புறப்பட்ட 33 பேரும் ஏறியிருந்தது, விழுந்தால் அருகில் இருப்பவன் வருவான் என்ற ஒரே கப்பலில். தாலான் ஏதாவது கொடுத்தார் என்றால் அந்தக் கப்பலுக்கான தம் பங்கைக் கொடுத்தார். முழுப்பங்கும் ஒருவர் தலையில் விழுந்தது, மதிப்புக்கேற்றபடிப் பிரியவில்லை என்ற குறை இருக்கிறது. முதலிடம் என்பது பிரிக்க முடியாத சரக்கு.

இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு கதை இருக்கிறது, நாவலாசிரியன் எழுதினால் நாம் நம்ப மாட்டோம். 2009 ஜனவரியில், கேப் ஹார்ன் முனைக்கு அருகில் ழான் லெ காமின் படகு கவிழ்ந்தது. கவிழ்ந்த படகுக்குள் இருந்தவரை மீட்டவர் வான்சான் ரியூ. அவர் படகின் பெயர் பி.ஆர்.பி. மீட்கும்போது ஏற்பட்ட சேதத்தால் ரியூவின் பாய்மரம் ஒடிந்து அவரால் பந்தயத்தை முடிக்க முடியவில்லை. முடிக்காதவருக்கு நடுவர்கள் மூன்றாம் இடம் கொடுத்தார்கள், மூன்றாவதாக முடித்தவரோடு சேர்த்து. 2020இல் உடைந்த எஸ்காஃபியேயின் படகு வேறு படகு. பெயர் மட்டும் அதே பி.ஆர்.பி. அதிலிருந்தவரை இருட்டில் தேடி எடுத்தவர் லெ காம். கடன் அடைந்தது என்று பத்திரிகைக்காரர்கள் எழுதுவதற்குச் சௌகரியமான கதை. அடையவில்லை. ரியூவுக்குப் பட்ட கடனை லெ காம் எஸ்காஃபியேயிடம் அடைக்க முடியாது; எந்த வங்கியும் ஒத்துக்கொள்ளாது. அங்கே நடந்ததற்குப் பற்று வரவு என்ற சொற்கள் பொருந்தாமல் போகின்றன.

அந்த இடத்தில் மறுபடி முடமோசியாரிடம் போகவேண்டும். பாட்டு வியாபாரி இல்லை என்பதோடு முடிவதில்லை. பிறகு ஆய் எதற்குக் கொடுத்தான்? சான்றோர் பிறரும் போன வழி என்பதால் கொடுத்தான் என்கிறது. எனக்கு இது வெகு நாள் ஏமாற்றமாக இருந்தது. கருணையால் என்று சொல்லியிருக்கலாம், கண்ணீர் பார்த்து என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் போன பாதை என்பதில் என்ன மகத்துவம்? காண்ட்டைக் கேட்டால் இதுவும் தேறாது. பழக்கம் கடமை ஆகாது. ஆனால் கடலைப் பற்றிப் படிக்கப் படிக்க முடமோசியார் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார் என்றே தோன்றுகிறது.

தூத்துக்குடியில் தோணி ஓட்டிய ஒரு பெரியவர் எனக்குப் பழக்கம். தண்டலாக இருந்தவர்; கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாயை மட்டும் நம்பிப் போன காலத்தைச் சேர்ந்தவர். ஜோ டி குரூஸின் ‘கொற்கை’ நாவலில் வரும் உலகம் அவருடையது, நாவலை அவர் படித்ததில்லை. இன்னொரு தோணி நடுக்கடலில் தத்தளிக்கிறதைப் பார்த்தால் சரக்கோடு போகிறவர் திரும்பித்தான் ஆகவேண்டுமா, முதலாளிக்கு நஷ்டமில்லையா, யார் ஈடு செய்வார்கள் என்று இந்தக் கட்டுரையின் கேள்விகளை எல்லாம் அவரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘என்ன ஸார் இப்பிடிக் கேக்கிய? போவாம இருந்தா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கரையில எறங்க?’ என்றார். தர்மம் என்ற சொல்லை அவர் உபயோகிக்கவில்லை. மூஞ்சி என்றார். கரை என்றார். இதை வெறும் ஊர்ப்பயம் என்று தள்ளலாம். ஊர் பார்க்காத இடத்தில் நடந்ததற்கு ஊரில் முகம் காட்ட முடியாது என்று ஒருவன் நினைக்கும்போது, ஊர் அவனுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. வெளியே இருக்கும் ஊர் அல்ல அது. கான்ராட்டின் ‘லார்ட் ஜிம்’ நாவலை நாங்கள் பாளையங்கோட்டையில் படித்தபோது, எண்ணூறு யாத்ரிகர்களோடு கப்பலை விட்டுவிட்டுக் குதித்தவன் அதற்குப் பிறகு ஏன் துறைமுகம் துறைமுகமாக ஓடினான் என்று பரீட்சைக்குப் பத்து மதிப்பெண் விடை எழுதினோம். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு இறங்குவது என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம்.

விதிக்கும் வழிக்கும் உள்ள வித்தியாசம் வரவுக்கு வாய்ப்பே இல்லாத இடத்தில்தான் தெரியும். அபிலாஷ் டோமி, நம் கடற்படைக்காரர், தனியாக நில்லாமல் உலகைச் சுற்றிய முதல் இந்தியர், 2018இல் கோல்டன் குளோப் பந்தயத்தில் கோவாவில் கட்டிய ‘துரியா’ என்ற படகில் போனார். செப்டம்பர் 21ஆம் தேதி தென் இந்தியப் பெருங்கடலில் புயலில் படகு உருண்டு, மரங்கள் ஒடிந்து, முதுகெலும்பு காயப்பட்டு, அசையமுடியாமல் கிடந்தார். அதே புயலில் அயர்லாந்துக்காரர் கிரெகர் மக்கக்கினின் படகும் பாய்மரம் இழந்தது. அவருக்கும் பந்தயம் முடிந்துவிட்டது. கழிப்பதற்கு நேரமும் இல்லை, கழிப்பவர்களும் இல்லை. மிஞ்சிய கம்பத்தில் ஒரு தற்காலிகப் பாயைக் கட்டிக்கொண்டு அவர் டோமி இருந்த திசையில் புறப்பட்டார், நடக்கிற வேகத்தில். 24ஆம் தேதி பிரெஞ்சுக் கப்பல் ‘ஒசிரிஸ்’ டோமியை முதலில் எட்டி ஏற்றிக்கொண்டது, பிறகு மக்கக்கினையும். அவர் போய்ச் சேரவில்லை. அவர் போனதால் ஒன்றும் நடக்கவில்லை என்று கணக்குச் சொல்லும்.

அதே பந்தயத்தின் அடுத்த முறை, 2022 நவம்பரில், பின்லாந்துக்காரரின் படகு சில நிமிஷங்களில் மூழ்கியது. தென் ஆப்பிரிக்கப் பெண் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர் இரவு முழுக்கச் சுக்கானைப் பிடித்துப் போய் மிதவையிலிருந்து அவரை எடுத்து, ‘தர்யா காயத்ரி’ என்ற சரக்குக் கப்பலில் ஏற்றிவிட்டு, தம் ஓட்டத்தைத் தொடர்ந்தார். 35 மணி நேரம் கொடுத்தார்கள். 2023 ஏப்ரல் 27ஆம் தேதி அவர் முதலில் வந்தார். இரண்டாவதாக வந்த டோமி வந்தது 29ஆம் தேதி. கொடுத்த 35 மணி தேவைப்படவே இல்லை. பெஸ்தாவனுக்கு வரவு வெற்றியைக் கொடுத்தது. நாய்ஷேஃபருக்குப் பயன்படாமல் கிடந்தது. மக்கக்கினுக்கு எழுதவே இடமில்லை. மூன்று பேரும் சுக்கானைத் திருப்பிய அந்த விநாடியில் வித்தியாசம் ஏதாவது இருந்ததா என்று நான் தேடிப் பார்த்தேன். எனக்குக் கிடைக்கவில்லை. விதி வந்ததால் வழி அழிந்துவிடவில்லை என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி என்னிடம் இல்லை.

நம் பக்கத்துக்கு வந்தால், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை புரண்டபோது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்தின் அடியில் மண் போயிருந்தது. சுற்றிலும் தண்ணீர். ஏறக்குறைய எண்ணூறு பேர். கான்ராட்டின் எண்ணிக்கையேதான், யாத்ரிகர்களும்தான். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்களிடம் இருந்த அரிசியைப் போட்டுச் சமைத்துக் கொடுத்தார்கள். அவர்கள் வீடுகளும் அப்போது வெள்ளத்தில்தான் இருந்தன. பிற்பாடு பாராட்டுகள் வந்தன. வரட்டும். சமைத்தபோது அவை வரவில்லை.

கடைசியாக, அந்த வானொலிச் செய்தி. ஸ்வோர்ட் ஆஃப் ஓரியன் 1998இல் செய்ததற்கு எந்த நஷ்டஈட்டு விதியிலும் இடம் கிடையாது. படகைத் திருப்பவில்லை, நேரம் இழக்கவில்லை. தன்னிடமிருந்த தகவலைப் போட்டிக்காரர்களுக்குக் கொடுத்தது, அவ்வளவுதான். அதைக் கேட்டுத் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் அதனால் உயிரோடு இருக்கிறார்கள் என்று யாராலும் எண்ண முடியாது, ஏனென்றால் நடக்காததை எண்ண முடியாது. பந்தயத்தை நடத்தியவர்கள் அந்தப் பிற்பகலிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள். 40 நாட்டுக்கு மேல் காற்றைச் சந்திக்கும் படகு அதை எல்லோருக்கும் தெரிவித்தாக வேண்டும் என்று பிறகு விதி கொண்டுவந்தார்கள். நல்ல விதி. ஒருவர் வழக்கத்தை மீறிச் செய்தது எல்லோருக்கும் கட்டாயமாயிற்று. இனி யாரும் அதை மீறிச் செய்ய முடியாது. இதில் ஏதோ நஷ்டம் இருக்கிறது என்று என்னுள் இருக்கும் இலக்கியவாதி முனகுகிறான். அவனுக்கு 1998ஆம் வருஷத்து இறந்தவர்கள் பட்டியலைக் காட்டினால் சற்று நேரம் பேசாமல் இருக்கிறான். காற்றின் வேகத்தைச் சொல்ல இப்போது அங்கே தைரியம் வேண்டியதில்லை, வானொலி வேலை செய்தால் போதும்.